சத்தம் வராத டிஸ்க்

பெரியவர் வாசலை அடைத்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு, டிஸ்க் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் உட்கார்ந்தவர்தான்; ஒரு வார்த்தை கிடையாது. மடியில் இருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை.

வெளியே போய் ஒரு டீ குடிக்கலாம் என்றாலும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். பின்கதவு என்று ஒன்று இல்லாத கடை. டாக்டருக்குத் தொண்டை வறண்டது.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பழைய டிஸ்க்குகளைத் திறந்து கொடுக்கும் கடைக்காரர். 'எந்த டிஸ்க்கும் இங்கே திறக்கும்' என்று வாசலில் போர்டு எழுதி மாட்டிய புண்ணியவான் அவரேதான். இப்போது அந்த போர்டுக்குக் கீழேதான் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார்.

"அம்மா போனதுலேர்ந்து அப்பா சரியா சாப்பிடறதே இல்லைங்க," என்று பெரியவரின் மகள் வந்ததுமே சொல்லியிருந்தாள். "அவங்க இருக்கற வீடியோ இது ஒண்ணுதான். அம்மாவைப் பார்த்தாத்தான் சாப்பாட்டைத் தொடுவேன்னு பிடிவாதமா இருக்கார்."

கேமராவை ரெக்கார்டரில் இணைத்து வீட்டிலேயே பதிவு செய்த டிஸ்க். அந்த ரெக்கார்டர் எப்போதோ கெட்டுப்போய்விட்டது. வேறு எதில் போட்டாலும் டிஸ்க்கை வெளியே துப்புகிறதாம்.

டாக்டருக்கு இதெல்லாம் ஜுஜுபி. அந்த மாதிரி ரெக்கார்டர்கள் பதிவு செய்ததையெல்லாம் ஒரே ஃபைலாக மூட்டை கட்டி, அதன் பெயருக்குப் பின்னால் வி.ஆர்.ஓ. என்று வால் ஒட்டி வைக்கும். மூட்டையைக் கம்ப்யூட்டரில் இறக்கி, அந்த வாலை வெட்டிவிட்டு எம்.பி.ஜி. என்று வேறு வால் ஒட்டினால் பெரும்பாலும் ஓடிவிடும். ஓடவும் செய்தது. நடுவயசு அம்மாள் ஒருத்தி சோபாவில் உட்கார்ந்து, யாரையோ திட்டுகிற வேகத்தில் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் சத்தம்? மூச்!

ஸ்பீக்கரை மாற்றினார். ஹெட்போனை மாட்டினார். இருக்கிற பிளேயர்களில் எல்லாம் போட்டுப் பார்த்தார். ஒருவேளை ரெக்கார்டரில் படத்துக்கான மஞ்சள் வயரை மட்டும் செருகி, சத்தத்துக்கான சிவப்பையும் வெள்ளையையும் விட்டுவிட்டார்களோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது. சேச்சே, எந்த வீட்டில் அப்படிச் செய்வார்கள் என்று அதைத் தள்ளிவிட்டார்.

"படம் வந்துச்சுங்களா?" என்று மகள் மறுபடி கேட்டாள்.

பாதி வேலையைக் காட்டுவது டாக்டருக்கு மானக்கேடு. மானிட்டரைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, "இன்னும் திறக்கலம்மா" என்று வாய் கூசாமல் புளுகினார். மகள் அப்பாவைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள். பெரியவரின் பார்வை மட்டும் டாக்டரின் வாயை விட்டு நகரவில்லை. பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று டாக்டருக்கு வியர்த்துக் கொட்டியது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடை ஷட்டர் பெரியவரின் முதுகுக்குப் பின்னால் தடாலென்று இறங்கியது. டாக்டர் துள்ளிவிட்டார். மகள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பெரியவர் அசையவே இல்லை. சரியான கல்லுளிமங்கன் என்று டாக்டர் மனசுக்குள் திட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு கடையாக அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். இனி இழுத்தடிக்க வழியில்லை.

"மன்னிச்சுக்கம்மா," என்றார் டாக்டர், தலையைக் குனிந்துகொண்டு. "படம் மத்தியானமே வந்துடுச்சு. சத்தத்தைத்தான் எங்கே தேடியும் காணோம்."

அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ எட்டி மானிட்டரைப் பிடித்து அப்பா பக்கம் திருப்பினாள்.

பெரியவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். பார்க்கப் பார்க்க அவர் கண் கலங்கியது; உதடு கோணியது; அப்புறம் சிரிப்பே வந்துவிட்டது. திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சத்தமே இல்லாமல் அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று இவருக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார்.

"முந்தி ஒரு ஆபரேஷனுக்குப் போறப்ப அம்மா அப்பாவுக்காக எடுத்து வெச்சுட்டுப் போனதுங்க. நான் இல்லைன்னு பட்டினி கிடந்தீங்கன்னா எழுந்து வந்து உதைப்பேங்கறாங்க."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சத்தத்துக்கான சிவப்பு, வெள்ளை வயரை எங்க வீட்ல செருகினதே இல்லை. அவங்க ரெண்டு பேருக்கும் கைதாங்க பேச்சு."