ஒரு மணிக்குத் தாக்குதல்

போர் விமானம் ஓட்டும் சண்முகசுந்தரி லீவில் ஆறுமுகநேரிக்கு வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, ரசாயன ஆலைக்குப் புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி அவள் வீட்டைத் தேடி வந்துவிட்டார். மறுநாள் ஆலையில் வான்தாக்குதல் ஒத்திகை.

“நீங்க எதிரி பைலட்டா இருந்தா எதை அடிப்பீங்க? புகைபோக்கியா, டேங்கா?”

“ரெண்டும் இல்ல சார். கடல்தண்ணி இழுக்குற பம்ப் ஹவுஸ். தாழப் பறந்து வந்து ஒரே குண்டு. மோட்டார் போச்சுன்னா ஆறு மாசத்துக்கு ஆலை ஓடாது.”

அதிகாரி வேகமாகக் குறித்துக்கொண்டார். “எப்போ வருவீங்க?”

“மத்தியானம் ஒரு மணிக்கு.”

“ஏன், வெயில்ல யாரும் மேல நிமிர்ந்து பாக்க மாட்டாங்கன்னா?”

“இல்ல சார். அப்ப அங்கன ஆள் இருக்காது. ஆபரேட்டர் சாப்பிட வீட்டுக்குப் போயிருவாரு.”

“அது எப்படி இவ்வளவு சரியாத் தெரியும்?”

அவள் பதில் சொல்வதற்குள் அப்பா அய்யாக்குட்டி கையைத் துடைத்தபடி உள்ளேயிருந்து வந்தார்.

“ஏளா, சாப்பிட்டாச்சு. பம்ப் ஹவுஸுக்குக் கிளம்புதேன்.”

அவர் சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை சண்முகசுந்தரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி தயங்கித் தயங்கிக் கேட்டார். “எதிரி மணி பாத்து வருவானா மேடம்?”

“வரமாட்டான் சார். அதனால பதுங்குகுழிய முதல்ல அங்கன வெட்டுங்க.”