மூன்றாவது மாடி முதலமைச்சர்

"பத்து நிமிஷம் கோஷம் போடணும் சார். செயலாளர் வெளியே வந்து, குழு அமைக்கிறோம்னு சொல்வாங்க. நீங்க நன்றி சொல்லிட்டுக் கலைஞ்சிடணும்."

பேராசிரியை மௌரீன் விளக்கியபோது ஆதிகேசவனுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. பொம்மசந்திரா தொழிற்சாலை வாசல்களில் போராடியே தலை நரைத்தவர் அவர். நிஜ அரசாங்கம் அவரை இப்படித்தான் கலைத்து அனுப்பியது. இப்போது அதற்குப் பாடத்திட்டம் வேறு!

ஓசூர் ரோட்டிலிருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில், பொதுக் கொள்கை படிக்கும் மாணவர்களுக்கு அன்று செய்முறைத் தேர்வு. மூன்றாவது மாடி வகுப்பறைதான் தலைமைச் செயலகம். மாணவர்களே மந்திரிகள், அதிகாரிகள். மக்கள் என்று ஒருவராவது வேண்டுமே என்று, ஆடுகோடியிலிருந்து ஆதிகேசவனை வரவழைத்திருந்தார்கள். அவருக்கு ஒதுக்கிய கோரிக்கை, இல்லாத ஊரில் இல்லாத ஏரியைத் தூர்வார வேண்டும் என்பது.

படியில் ருக்மிணியைப் பார்க்காமல் இருந்திருந்தால், அவரும் அந்த ஏரியைத் தூர்வாரிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

ருக்மிணி அவர் தெருக்காரி. இங்கே துப்புரவு வேலை. குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்.

"நான் தண்ணி குடிக்கிறதையே வுட்டுட்டேண்ணா" என்றாள் அவள்.

கழிப்பறைச் சாவி காவலாளியிடம் இருக்குமாம். கழுவும்போது கொடுப்பார்களாம். கழுவி முடித்ததும் வாங்கிக்கொள்வார்களாம். அவளுக்கு அவசரம் என்றால் பின்வாசல் கொட்டகை வரைக்கும் ஓட வேண்டும். போய் வருவதற்குள் சூப்பர்வைசர் ஏசுவான். போதாததற்கு இப்போது நீர்க்கடுப்பு வேறு.

ஆதிகேசவன் ஏரியைக் கைவிட்டார். தலைமைச் செயலக வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஊர் வழக்கப்படி கன்னடத்தில் தொண்டையைத் திறந்தார்.

"பேக்கே பேக்கு! சாவி பேக்கு!"

வேண்டும், வேண்டும், சாவி வேண்டும்.

மௌரீன் ஓடி வந்தார். "சார், நிஜப் பிரச்சினையை எடுக்கக் கூடாது. விதியிலேயே இருக்கு."

"நான் எங்க மேடம் எடுத்தேன்? இங்கயே கிடந்துச்சு."

செயலாளராக இருந்த பெண் வந்து குழு அமைத்தாள். அவர் நன்றி சொல்லவில்லை. போலீஸ் கமிஷனராக இருந்த பையன் கைது செய்ய வந்தான். அவர் காலை நீட்டிப் படுத்துவிட்டார். தூக்கும்போது கிழவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று மேலிடத்தைக் கேட்டு வருவதாகச் சொல்லிப் போன கமிஷனர், திரும்பவேயில்லை.

மதியமானது. அரசாங்கத்துக்குப் பசித்தது. வெளியே வர வழியில்லை. வாசலை அடைத்துக்கொண்டு மக்கள் படுத்திருந்தார்கள்.

முதலமைச்சர் வந்து ஒரு வார்த்தை பேசலாம். ஆனால் அதற்கும் விதி இருந்தது. போராட்டத்துக்குப் பணிந்து முதலமைச்சர் வாசலுக்கு வந்தால் அது பலவீனமான ஆட்சி. மந்திரிசபை மொத்தத்துக்கும் பாதி மதிப்பெண் போய்விடும்.

ஆதிகேசவன் மறுபடி குரல் கொடுத்தார். "பேக்கே பேக்கு!"

கதவு படாரென்று திறந்தது. முதலமைச்சர் ஷெர்வின் முகம் சிவக்க நின்றான்.

"யாரைப் பார்த்துப் பேக்குன்னு சொல்றீங்க? நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்க்கிறேன், மரியாதை இல்லாம..."

வராந்தாவே சிரித்தது. செயலாளர் அவன் காதில் விளக்கினாள். தமிழில்தான் அது மடையன். கன்னடத்தில் வேண்டும் என்று அர்த்தம். அவன் திருதிருவென்று விழித்தான். மௌரீனும் சிரிப்பை அடக்க முடியாமல், மொழி தெரியாமல் வெளியே வந்தது பணிந்ததாகாது, மதிப்பெண் குறைக்க மாட்டேன் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆதிகேசவன் மனத்துக்குள் காறித் துப்பினார். இந்த ஊரில் இரண்டு வேளை சோறு தின்றவனுக்கே தெரிந்த வார்த்தை. அதுகூடத் தெரியாத இவன்தான் நாளைக்கு நாட்டுக்குக் கொள்கை எழுதப்போகிறானாம்.

"அப்போ என்னைத் திட்டலையா?" என்றான் ஷெர்வின்.

"இல்ல தம்பி. சாவி கேக்குறோம்."

"சாவிதானா? சரி, வந்ததுதான் வந்துட்டேன். கழுவுறவங்க கையிலேயே இனிமே சாவி இருக்கட்டும். இது அரசு உத்தரவு."

சாயங்காலம் விளையாட்டு முடிந்ததும் உத்தரவும் முடிந்துவிடும் என்றார் மௌரீன். ஆட்சிக்காலம் எப்போது முடிகிறது என்று சிலபஸில் இருக்கிறதா என்று அவன் பணிவாகக் கேட்டான். அவர் புரட்டிப் பார்த்தார். இல்லை.

"அப்போ எங்க படிப்பு முடியற வரைக்கும் ஆட்சியை நீட்டிக்கிறோம் மேடம்."

சாப்பாட்டு வாசனை மூக்கில் ஏறியிருந்த மந்திரிசபை ஒருமனதாகக் கை தூக்கியது. மௌரீன் மாணவர்களைப் பார்த்தார். சுவரோரம் துடைப்பத்தோடு நின்ற ருக்மிணியைப் பார்த்தார். கடைசியில் காவலாளியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

காவலாளி கன்னடக்காரர். இவ்வளவு நேரம் நடந்த தமிழ்க் கூத்தில் அந்தக் கோஷத்தைத் தவிர ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். சரி, நாம்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று ஆதிகேசவன் எழுவதற்குள், ஷெர்வின் காவலாளியின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனான். மடமடவென்று கன்னடத்தில் ஏதோ சொன்னான். நடுவே ஒரு கேலியும் செய்தான். காவலாளி வாய்விட்டுச் சிரித்து, இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து ருக்மிணியிடம் நீட்டினார்.

ஆதிகேசவன் எழுந்து அவனை நெருங்கினார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

ஷெர்வின் மௌரீன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இதே ஊருதாங்க ஐயா. பொறந்தது, வளர்ந்தது எல்லாம் சிவாஜிநகர்."