நெஞ்சில் தெரிந்த நிழல்

புதிய சென்சார் பொருத்தப்பட்டபின், கேமராக்கள் தோலுக்கு அடியில் இருப்பதையும் படம்பிடித்தன. “ஒருதரம் டாக்டரைப் பாத்துருங்க” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி, ஸ்டூடியோக்காரர் ஞானதுரைக்கு அலுத்துவிட்டது.

அன்று கல்யாண நாள் படம் எடுக்க வந்த தம்பதியில், கணவரின் நெஞ்சில் கருநிழல் தெரிந்தது. அவருடைய மனைவி கோமதியை ஞானதுரை தனியே அழைத்தார்.

“தங்கச்சி, சாருக்கு…”

“தெரியும்ணே. டாக்டர் எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு. அவுகளுக்குத் தெரியாது. படத்துல மட்டும் அது வேண்டாம்ணே.”

முன்பெல்லாம் முகப்பருவை அழித்த கைகள் இப்போது அந்த நிழலை அழித்தன. ஞானதுரை படத்தை நீட்டினார்.

கணவர் நெஞ்சுப் பக்கத்தையே உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஒண்ணுமே இல்லல்லா? நாந்தான் வீணா பயந்துட்டேன்!”

கோமதி தலைகுனிந்துகொண்டாள்.

“ஆமா சார், ஒண்ணுமில்ல,” என்றார் ஞானதுரை.