ஞாயிற்றுக்கிழமை வழக்கு

மாக்ஸீன் எழுந்து நின்றபோது அந்தக் கோர்ட் கூடத்தில் ஒரு தலையிலும் வக்கீல்கள் போடும் வெள்ளை விக் இல்லை.

கறுப்பு அங்கி இல்லை. ஜூரியும் இல்லை. பல் டாக்டரிடம் காத்திருக்கும் அறை மாதிரி சாம்பல் நிறக் கம்பளமும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான். மேடையில் மூன்று மாஜிஸ்ட்ரேட்டுகள். மூவருமே சட்டம் படிக்காத உள்ளூர்க்காரர்கள். நடுவில் இருந்த அம்மாள் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை.

இதற்கா நல்ல கோட்டு ஒன்றை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தோம் என்று மாக்ஸீனுக்கு எரிச்சலாக வந்தது.

இங்கிலாந்தில் டிவி நிகழ்ச்சி பார்க்க வருஷா வருஷம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அதைக் கட்டாமல் பார்த்தாள் என்பது அவள்மேல் வழக்கு. தபாலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கலாம். அந்தத் தெருவில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். தோழி நோரீன் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

மாக்ஸீன் கேட்கவில்லை. அவளுக்குக் கோர்ட்டில் நின்று பேச வேண்டும்.

பிஸ்கட் ஆலையில் சூப்பர்வைசர், ஆஸ்பத்திரியில் டாக்டர், வீட்டில் இருந்தவரைக்கும் புருஷன் என்று ஒருவரும் அவளை ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்லை. ஞாயிறு இரவு டிவித் தொடரில் மட்டும் ஒரு பெண் வக்கீல் விக்கை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றால், பிரபுக்களும் போலீஸ்காரர்களும் வாயை மூடிக்கொண்டு அவள் முடிக்கும்வரை காத்திருந்தார்கள். அந்த அதிசயத்துக்காக மாக்ஸீன் எந்த அபராதத்துக்கும் துணிவாள்.

டிவியில் பழைய டிவிடி மட்டும்தான் போட்டுப் பார்க்கிறேன், அதற்கு உரிமம் தேவையில்லை என்பது அவள் வாதம். பச்சைப் பொய். ஆனால் நன்றாகவே நின்றது.

அவள் வீட்டுக் கதவைத் தட்டிய உரிமச் சோதனை அதிகாரிதான் சாட்சி. மாக்ஸீனே அவனைக் குறுக்கு விசாரணை செய்தாள்.

"கதவு மூடியிருந்துச்சுல்ல? உள்ள ஓடுனது டிவியா டிவிடியான்னு காதாலயே பாத்தீங்களா?"

"சத்தம்... கேட்டுச்சு."

"டிவிடியிலயும் சத்தம் வரும் தம்பி."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரிக்குக் காது சிவந்தது. மேடையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். கேஸ் நிற்காது என்று கூட வந்து உட்கார்ந்திருந்த நோரீனுக்கே தெரிந்துவிட்டது.

கலந்து பேச உள்ளே போவதற்காக எழுந்த தலைமை ஆசிரியை, மாக்ஸீனைப் பார்த்துச் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமைத் தொடர்ல வர்ற வக்கீலம்மா மாதிரியே பேசுறீங்கம்மா. பாவம், போன வாரம் அவங்க தோத்துட்டாங்க."

அன்பாகச் சொன்ன வார்த்தைதான். சும்மா நின்றிருந்தால் போதும்.

"தோக்கல" என்றாள் மாக்ஸீன்.

நோரீன் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

போன வாரம் வந்தது டிவிடியில் எப்படி வரும்? மாக்ஸீனுக்கும் புரிந்தது. யாரோ சொன்னார்கள் என்று சொல்லி இப்போதும் தப்பிக்கலாம். ஆனால் அந்த வக்கீலம்மாவைத் தோற்றவளாக விட்டுவிட்டு, தான் மட்டும் ஜெயித்து வீட்டுக்குப் போவதா? அவளுக்கு மனம் கொதித்தது.

"கடைசி அஞ்சு நிமிஷம் நீங்க தூங்கிட்டீங்கம்மா. நான் முழிச்சிருந்து பாத்தேன். ஆமா, பாத்தேன். வர்ற ஞாயிறும் பாப்பேன். அவங்க தோக்கல!"

குமாஸ்தா எழுதுவதை நிறுத்தினார். தலைமை ஆசிரியை மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

"பின்ன என்னதான் ஆச்சு?"

மாக்ஸீன் சொன்னாள். சாட்சி உளறிக் கொட்டியதையும், ஜூரியில் ஒருத்தி அழுததையும், வக்கீலம்மா கடைசியாகக் கேட்ட கேள்வியையும் ஒன்றுவிடாமல், அவசரப்படாமல் சொன்னாள். சோதனை அதிகாரிகூட முன்னால் சாய்ந்து கேட்டான்.

பிறகு அவளைக் குற்றவாளி என்றார்கள்.

வெளியே மழை. "கையில இருந்த கேஸை இப்படிக் கெடுத்துட்டியேடி!" என்று நோரீன் பொரிந்து தள்ளினாள்.

மாக்ஸீன் குடையை விரித்தாள்.

"ஒருத்தராவது குறுக்க பேசுனாங்களாடி?"