மாத்திரையே தொடாதவர்

“ரெண்டு தையல் போட்டு அனுப்பிடுங்க டாக்டரம்மா. பாதி வயரிங் அப்படியே தொங்குது.”

ஏணியிலிருந்து சறுக்கி விழுந்த எலெக்ட்ரீஷியன், அவசர சிகிச்சைக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். நர்ஸ் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்து, நெற்றியில் நனைந்த பஞ்சை மாற்றினார்.

“ரத்தம் நிக்கவே மாட்டேங்குதே,” என்றார் டாக்டர். “ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? மறைக்காதீங்க. சாப்பிட்டிருந்தா மண்டைக்குள்ளயும் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். உடனே முறிமருந்து போடணும். சாப்பிடாதவங்களுக்கு அதைப் போட்டா ரத்தம் கட்டிக்கும். அதுவும் ஆபத்து.”

எலெக்ட்ரீஷியன் சிரித்தார்.

“அந்தக் கூத்தைக் கேளுங்க. எங்க பரம்பரைக்கே ரத்தம் சட்டுனு உறையுற கோளாறாம். எங்கண்ணன் அப்படித்தான் நெஞ்சுல அடைச்சுப் போனான். எனக்கும் ஒருதரம் கால்ல கட்டுச்சு. ஆயுசு பூரா மாத்திரைன்னு எழுதிக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்ததும் தூக்கிக் குப்பையில போட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு, ஒண்ணாவது ஆச்சா எனக்கு? கல்லாட்டம் இருக்கேன்!”

“கல்லுலேருந்து இப்படி ரத்தம் ஒழுகாதுங்கய்யா,” என்றார் நர்ஸ்.

இந்த மாதிரி இடத்தில் எலெக்ட்ரீஷியனின் மனைவி சும்மா இருக்கமாட்டாள். கூட ரெண்டு வார்த்தை சேர்த்து வாருவாள். இன்று மகளின் கையைப் பற்றிக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

“அப்ப நிச்சயமா சாப்பிடலை?”

“சத்தியமா. வேணும்னா இவளையே கேளுங்க.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

“அவர் சாப்பிடலை டாக்டர்.” என்றாள் மனைவி. “நான்தான் கொடுத்தேன். சொன்னா கேக்கமாட்டாரு. இவரு அண்ணனைத் தூக்கிட்டுப் போனதைப் பார்த்தவ நான். மாத்திரையை வாங்கி, பொடிச்சு, காலையில காப்பியில கலந்துடுவேன். இன்னிக்கும் கலந்தேன்.”

எலெக்ட்ரீஷியன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ரெண்டு வருஷமாகத் தெருவெல்லாம் அவர் பீற்றிக்கொண்ட உடம்பு, திடீரென்று யாருடையதோ போலக் கனத்தது.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டு, முறிமருந்து அளவைக் கணக்கிடத் திரும்பினார்.

“ஒரு நாளைக்கு ஒண்ணுதானே கொடுத்தீங்க?”

“ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர்.”

மகள் அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

“அம்மா... போன மாசத்துலேருந்து நான் ராத்திரிப் பால்ல ஒண்ணு கலக்குறேனே.”