வாய் தவறிய சொல்

கார் ஓட்டும் பயிற்சி நேரத்தில் ரேடியோ கூடாது என்பது நானே போட்ட விதி. இன்று நானே ரேடியோவைத் திருகினேன்.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த பல் மருத்துவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சாலையைப் பாருங்கள் மேடம் என்றேன்.

ரேடியோவில் எங்கள் பழைய ராக் குழுவின் பாடகன். அவனுடைய முதல் தனி ஆல்பம் இன்று வெளியாகிறது. நான் அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். இப்போது என் கால் மிதிப்பதெல்லாம், ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் மிதிக்க மறக்கும் பிரேக்கைத்தான்.

குழு உடைந்து மூன்று வருடம் ஆகிறது. பெரிய சண்டை ஒன்றுமில்லை. யார் முதலில் போன் செய்வது என்ற வீம்புதான் சண்டையைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

அதன் பிறகு எந்தப் பேட்டியிலும் எங்களை 'அவங்க' என்றே சொல்கிறான். ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

இன்றும் 'அவங்க' என்றால் அவன் நம்பரை அழித்துவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். ஒரே ஒரு முறை 'நாங்க' என்று சொல்லட்டும், போதும்.

தொகுப்பாளர் பெண் ஒவ்வொரு பாட்டிலும் கொஞ்சம் போட்டுக் காட்டினாள். ஒன்று தாலாட்டு. ஒன்று வயதான தம்பதிகள் ஆடுகிற மெதுவான நடனத்துக்கானது. இன்னொன்றில் பித்தளை வாத்தியங்கள் பிளிறின. வேறொன்றில் வெறும் கைதட்டல்.

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். இந்தப் புலி புல், வைக்கோல், தவிடு எதையும் விட்டுவைக்கவில்லை.

ஆனாலும் நன்றாகப் பாடியிருந்தான், பாவி. தாலாட்டு ஓடியபோது மருத்துவர் ஒரு வளைவை என் உதவி இல்லாமலே திருப்பிவிட்டார்.

ராக் பாடகருக்கு இத்தனை விதப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று தொகுப்பாளர் பெண் கேட்டாள். என் கால் பிரேக்கின்மேல் தயாராக இருந்தது.

"எல்லாம் அந்தப் பழைய வேன்ல கேட்டதுதாங்க. மத்தவங்க பின்னாடி தூங்கிடுவாங்க. விடிய விடிய நாம கேட்காத பாட்டா?"

"நாமளா? அந்த வேன்ல நான் இல்லையே சார்."

அவன் சிரித்தான். வாய் தவறிவிட்டது என்றான்.

அவனுக்கா? பாட்டில் ஒரே ஒரு எழுத்துக்காக ஒரு நாள் முழுக்க எங்களைக் காக்கவைத்தவன். சொல் விஷயத்தில் அவனுக்கு வாய் தவறி நான் பார்த்ததே இல்லை.

எங்கள் வேனில் ஒரு சட்டம் உண்டு. ஸ்டீயரிங் யார் கையிலோ, பாட்டும் அவர் இஷ்டம். குழுவில் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் கண் அசந்துவிடக் கூடாது என்று பக்கத்தில் விழித்திருந்தவன் அவன்.

அந்தத் தாலாட்டு, அந்த நடனம், பித்தளை, கைதட்டல் எல்லாம் நான் போட்டவை. இதையெல்லாம் ஒரு மனுஷன் கேட்பானா என்று அப்போது தலையில் அடித்துக்கொள்வான்.

ரேடியோவில் ஒரு பாட்டை முழுதாகப் போட்டார்கள். அது முடியும்வரை அவன் சும்மாதான் உட்கார்ந்திருப்பான்.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். மருத்துவர் பயந்துபோய், நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டார்.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை மேடம், தப்பு செய்தது நாங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.