விரலை எடுக்காத பிள்ளை

குழந்தைகள் காப்பகத்தில் ஆறு பிள்ளைகளுக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும், அந்த ஆள் பன்னிரண்டாவது தேறியிருக்க வேண்டும் என்று புது விதி வந்திருந்தது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிலோமினா எட்டாவதோடு நின்றவள். அவள் கணக்கில் வராவிட்டால் அவள் பார்க்கும் பிள்ளைகளும் கணக்கில் வரக் கூடாது. அதனால் சோதனைக்கு வந்த அதிகாரிகளின் ஜீப் வாசலில் நின்றதும் காப்பகத்தை நடத்தும் மேடம் அவளையும் அந்த ஆறு பிள்ளைகளையும் ஸ்டோர் ரூமுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார். இருட்டில் பிலோமினா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இது விளையாட்டு. நான் சொல்ற வரைக்கும் யாரும் விரலை எடுக்கக் கூடாது."

ஒரு பிள்ளைகூட அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கதவு திறந்ததும் மற்றப் பிள்ளைகள் விளையாட்டை மறந்து ஓடின. ஆதிரை மட்டும் விரலை எடுக்கவில்லை. பால் காய்ச்சும் அவசரத்தில் பிலோமினா அதைக் கவனிக்கவுமில்லை. சாயங்காலம் அம்மா வந்து தூக்கியபோதும் விரல் அங்கேயே இருந்தது.

"என்னக்கா, வாயே தொறக்க மாட்டேங்குறா. யாராச்சும் திட்டினாங்களா?"

"இல்லம்மா."

ஆதிரை பிலோமினாவையே பார்த்தாள். விளையாட்டு முடிந்தது என்று சொன்னால் போதும். சொன்னால், என்ன விளையாட்டு என்று அம்மா கேட்பாள். பிலோமினா குனிந்து, கழன்று விழுந்த சின்னச் செருப்பை எடுத்துப் பிள்ளையின் காலில் மாட்டிவிட்டாள்.

அம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்தபடி, தெருமுனை திரும்பும்வரை பிள்ளை விரலை எடுக்கவில்லை.